ஒரே துணிக்கு இரண்டு ஆர்டர்

தையல் கடையில் அவளுக்குப் பெயர் கத்திரி. கையில் எப்போதும் கத்திரிக்கோல் இருப்பதால் வந்த பெயர் என்று துணி கொடுக்க வருகிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். கடைக்குள் வேலை செய்கிறவர்களைக் கேட்டால், கத்திரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு வந்தாலும் அவளுக்கு அதுதான் பெயர் என்பார்கள். அவ்வளவு வாய். பள்ளிக்கூடச் சீருடை, ஹோட்டல் ஆட்களின் உடுப்பு, நர்சுகளின் கோட்டு என்று மொத்தமாகத் தைக்கிற கடை அது; சில்லறை ஆர்டரும் வாங்கும். வரிசையாக மிஷின்கள் ஓடும். அத்தனை மிஷினுக்கும் தீனி போடுகிறவள் அவள். நீள மேஜை முன்னால் காலையிலிருந்து பொழுது சாயும்வரை நின்று, துணியை அடுக்கடுக்காக விரித்து, சாக்குக்கட்டியால் கோடு போட்டு, வெட்டித் தள்ளிக்கொண்டே இருப்பாள். தைத்தது தப்பானால் பிரித்துத் தைக்கலாம், வெட்டியது தப்பானால் மேஜை துடைக்கத்தான் ஆகும் என்று புதிதாக வருகிறவர்களைப் பயமுறுத்துவாள்.

அப்படி நின்றே பழகியவளைப் படு என்று சொல்லிவிட்டார்கள்.

முன்பு ஒன்று வயிற்றில் தங்காமல் போயிருந்தது. வெகுகாலம் கழித்து இது வந்தது, வந்தது தங்கியது, வயிறும் மேஜையின் விளிம்பில் முட்டுகிற அளவுக்கு வளர்ந்தது. சரி, பிழைத்தோம் என்று அவள் மூச்சு விட்ட வாரத்தில்தான், கோட்டுத் துணியை வெட்டிக்கொண்டிருந்தபோது, காலில் சூடாக ஏதோ இறங்கியது. குனிந்து பார்த்தாள். ரத்தம். வலி ஒன்றுமில்லை. வலிக்கவே இல்லையே என்று அதையே ஒரு சாட்சி மாதிரி டாக்டரம்மாவிடம் சொல்லிப் பார்த்தாள்.

"வலிக்காம வர்றதுதான் இதுல மோசம்" என்றார் டாக்டரம்மா. "நஞ்சுக்கொடி கீழ இறங்கி கர்ப்பப்பை வாசலை மறைச்சிட்டு உக்காந்திருக்கு. போகப்போக மேல ஏறலாம், ஏறாமலும் போகலாம். ரத்தம் போக ஆரம்பிச்சு நிக்கலைன்னா ரெண்டு உயிருக்கும் ஆபத்து. வேலை, மாடிப்படி, பாரம் தூக்கறது எதுவும் கிடையாது. படுங்க. அவ்வளவுதான்."

பக்கத்தில் அவளுடைய அம்மா உட்கார்ந்திருந்தாள். ரெண்டு உயிருக்கும் என்ற இடத்தில் அம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை. கத்திரி அதைக் கவனிக்கவில்லை. அவள் காதில் விழுந்தது ஒரே ஒரு உயிர்தான்.

வீடு இரண்டாவது மாடியில். கீழே சைக்கிள் ரிப்பேர் கடை, நடுவில் ஒரு குடும்பம், மேலே இவர்கள். மாடிப்படி கூடாது என்றால் வெளியே போகவே கூடாது என்று அர்த்தம். ஜன்னல் இருக்கிறது என்பதற்காகக் கட்டிலை முன்னறைக்கு இழுத்துப் போட்டார்கள். ஜன்னல் வழியாகத் தெரிந்ததெல்லாம் எதிர்க் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டியும் அதன்மேல் உட்காரும் காக்கைகளும். புருஷன் டவுன் பஸ் ஓட்டுகிறவன். ஷிப்டுக்குப் போனால் எப்போது வருவான் என்று பஸ்ஸுக்கே தெரியாது. அதனால் அம்மா வந்து சேர்ந்தாள்.

அம்மா ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயா. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் மூக்கு துடைத்து, ஈரக் கால்சட்டை மாற்றி, அழுதால் இடுப்பில் தூக்கிவைத்து அலைந்தவள். அப்பா இல்லாத வீட்டில் அந்தச் சம்பளத்தில்தான் கத்திரியை வளர்த்தாள். லீவு சொல்லிவிட்டு ஒரே ஒரு பையோடு வந்து இறங்கினாள். வந்த கையோடு புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள்.

படுத்திருப்பது சுகம் என்று நினைக்கிறவர்கள் படுத்துப் பார்க்க வேண்டும். இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் தோள் கடுத்தது. மல்லாந்தால் மூச்சு முட்டியது. முதுகு வெந்தது. வெட்டி வெட்டிக் காய்த்துப்போயிருந்த கட்டைவிரல் சும்மா கிடந்து மெத்தென்று ஆகிக்கொண்டு வந்தது; அதைப் பார்க்கவே அவளுக்குப் பிடிக்கவில்லை. எல்லாவற்றையும்விடக் கொடுமை கழிப்பறைக்குப் போய்வருவது. ஒவ்வொரு முறையும் பரீட்சை. கதவைச் சாத்திக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடித் திறந்து பார்ப்பாள். ஒன்றும் இல்லை என்றால் அப்பாடா என்று இருக்கும். சில நாள் லேசான கறை இருக்கும். அந்த நாட்களில் கட்டிலுக்குத் திரும்பி வருகிற நாலடி தூரத்துக்குள் ஒரு வயசு கூடிவிடும். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இருப்பது என்று சொல்கிறோமே, அது வெறும் பேச்சில்லை. கை நிஜமாகவே வலிக்கும்.

கத்திரி சாமி கும்பிடாதவள் என்று சொல்ல முடியாது. கும்பிட நேரமில்லாதவள், அவ்வளவுதான். அம்மா எல்லாவற்றுக்கும் வேண்டிக்கொள்கிறவள். காணாமல் போன சாவிக்கு, வராத பஸ்ஸுக்கு, கொடியில் காயாத துணிக்கு. "அங்க உக்காந்து உன் சாவியைத் தேடறதுதான் அவருக்கு வேலையா?" என்று சின்ன வயதிலிருந்தே கேலி செய்து வளர்ந்தவள் இவள். இப்போது கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தபோது, கேட்டால்தான் என்ன என்று தோன்றியது. கேட்பதற்கு வேறு ஆள் இல்லை. டாக்டரம்மா படு என்று சொன்னதோடு சரி.

எப்படி ஆரம்பிப்பது என்றுதான் தெரியவில்லை. கையைக் கூப்பினால் கூச்சமாக இருந்தது. மந்திரம், பாட்டு ஒன்றும் வராது. கடைசியில் அவளுக்குத் தெரிந்த ஒரே முறையைக் கையில் எடுத்தாள்.

தையல் கடையில் யாருக்கு முதலில் துணி கிடைக்கும்? நல்லவர்களுக்கா? கிடையாது. "மெதுவா குடுங்கம்மா, அவசரமில்லை" என்று சிரித்துக்கொண்டே போகிற தங்கமான மனுஷர்களின் துணி அலமாரியின் அடித்தட்டில் கிடந்து மக்கும். தினமும் வந்து வாசலில் நின்று, "ஆச்சா? இன்னும் ஆகலையா?" என்று பிராணனை வாங்குகிறவன் துணிதான் முதலில் மேஜைக்கு ஏறும். அவன்மேல் பிரியத்தால் அல்ல. தொல்லை விட்டால் போதும் என்றுதான். எத்தனை பேருக்கு அவளே அப்படி வெட்டிக் கொடுத்திருக்கிறாள்! மேலே இருக்கிறவரும் ஒரு வேலைக்காரர்தானே என்று அவள் கணக்குப் போட்டாள். நச்சரித்தால் நடக்கும்.

"இங்க பாருங்க" என்று கூரையைப் பார்த்து ஆரம்பித்தாள். "நான் ஒண்ணும் பெருசா கேக்கலை. அந்த நஞ்சு கொஞ்சம் மேல ஏறணும். குழந்தை தங்கணும். எனக்கு என்ன ஆனாலும் பரவாயில்ல, அதை விட்டுக் குடுக்க மாட்டேன். இப்பவே சொல்லிட்டேன். நாளைக்கும் வருவேன்."

சொன்னபடி மறுநாளும் வந்தாள். காலையில் கண் விழித்ததும், டீ குடித்ததும், பகல் தூக்கம் கலைந்ததும், காக்கை கத்தும்போதும். ஒருநாள் ஷிப்டு முடிந்து வந்த புருஷன் வாசலிலேயே நின்று கேட்டுவிட்டு, "யாருகிட்ட பேசிட்டு இருக்க?" என்றான்.

"வேலையா இருக்கேன். அப்புறம் வாங்க."

அவன் சிரித்தான். உட்கார்ந்து அவள் பாதத்தை மடியில் எடுத்து வைத்துப் பிடித்துவிட்டான். "நானும் தினம் ஸ்டியரிங்ல கை வைக்கும்போது கேக்கறேன்" என்றான். "ரெண்டு பேரும் நல்லபடியா வேணும்னு."

"உங்களுக்கு எப்பவும் கையகலத் துணியில சட்டையும் வேணும், பேண்டும் வேணும்" என்றாள் கத்திரி. கேலியாகச் சொன்னாளே தவிர, காலை அவன் மடியிலிருந்து எடுக்கவில்லை.

அம்மா வேண்டிக்கொள்கிற சத்தமே இல்லை. அதுதான் ஆச்சரியமாக இருந்தது. சாவிக்குக்கூட வீடே கேட்கும்படி முறையிடுகிறவள், இந்த வீட்டுக்கு வந்தபிறகு வாயையே திறக்கவில்லை. சமையல், பாத்திரம், துணி, மகளுக்குத் தலை வாரிவிடுவது, மீண்டும் பாத்திரம். குழாய் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. மூன்று பேர் சாப்பிட்ட தட்டைக் கழுவ இவ்வளவு நேரமா என்று கத்திரிக்கு எரிச்சல் வரும். "அம்மா, தொட்டி காலியாகும், குழாயை மூடு" என்று கத்துவாள். "ஆச்சு, ஆச்சு" என்று குரல் வரும். தண்ணீர் ஓடும்.

ஒருநாள் காலையில் தெருவிலேயே எங்கோ குழாய் உடைந்து தண்ணீர் நின்றுபோனது. அம்மா வழக்கம்போல் பாத்திரத் தொட்டி முன்னால் நின்று குழாயைத் திருகினாள். காற்றுதான் வந்தது. அதை அவள் கவனித்த மாதிரியே தெரியவில்லை. வேறு நினைப்பில் இருந்தாள் போலிருக்கிறது. ஓடாத தண்ணீரை மறைப்பாக வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தாள். ஒவ்வொரு வார்த்தையும் முன்னறைக் கட்டிலுக்குத் தெளிவாக வந்து சேர்ந்தது.

"எனக்குப் பேரன் பேத்தியெல்லாம் பெருசில்ல, சாமி. அது வந்தா வரட்டும். வரலைன்னா போகட்டும். எம் பொண்ணு எனக்கு வேணும். நீ ஏதாவது எடுத்துக்கணும்னு வந்திருந்தா அதை எடுத்துக்கிட்டுப் போ. இவளை விட்டுரு. இவ மேல மட்டும் கை வைக்காதே."

கத்திரியின் கை தானாக வயிற்றின்மேல் போய் மூடிக்கொண்டது, உள்ளே இருப்பதற்குக் காது கேட்டுவிடக் கூடாது என்பதுபோல. பிறகு கோபம் வந்தது. கோபத்துக்குப் பின்னால் பயமும் வந்தது. அந்தப் பயம் தையல்காரிகளுக்கு மட்டுமே வரக்கூடிய பயம்.

கடையில் ஒரு தடவை அப்பாவும் மகனும் ஒரே துணியைக் கொண்டுவந்தார்கள். அப்பாவுக்கு அதில் கோட்டு வேண்டும். மகனுக்கு இரண்டு பேண்ட் வேண்டும். அப்பா காலையில் வந்து ஒன்று சொல்வார், மகன் சாயந்திரம் வந்து மாற்றிச் சொல்வான். கத்திரி என்ன செய்தாள்? துணியைச் சுருட்டி ஓரமாகப் போட்டாள். வீட்டில் பேசி முடிவு செய்துகொண்டு வரட்டும், நமக்கென்ன என்று. அவர்கள் பேசி முடிக்கவே இல்லை. துணி அங்கேயே கிடந்து பூஞ்சை பிடித்தது. கோட்டும் இல்லை, பேண்டும் இல்லை.

இங்கேயும் அதே கதைதான் என்று அவளுக்குப் பட்டது. ஒரே வீட்டிலிருந்து, ஒரே வயிற்றைக் காட்டி, ஒருத்தி இதை எடுத்துக்கொள் அதை விடு என்கிறாள், இன்னொருத்தி அதை எடு இதை விடு என்கிறாள். எந்த வேலைக்காரர்தான் துணியில் கத்திரிக்கோலை வைப்பார்? சுருட்டி ஓரமாகப் போட்டுவிட்டுப் போய்விடுவார். இத்தனை நாள் நச்சரித்ததெல்லாம் வீண். சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம், நாளெல்லாம் கூரையைப் பார்த்துக் கிடக்கிறவளுக்கு அது சத்தியமாகவே தோன்றியது.

"அம்மா, இங்க வா" என்று கூப்பிட்டாள்.

அம்மா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே வந்தாள். கை உலர்ந்துதான் இருந்தது.

"வாபஸ் வாங்கு."

"என்னத்தை?"

"அங்க நின்னு கேட்டியே, அதை. தண்ணி வரலைம்மா. எல்லாம் கேட்டுச்சு."

அம்மாவின் முகம் வெளுத்தது. குழாயைத் திரும்பிப் பார்த்தாள், அது காட்டிக்கொடுத்துவிட்ட மாதிரி. பிறகு, "நீ எப்போலேருந்து இதையெல்லாம் நம்ப ஆரம்பிச்ச?" என்றாள்.

"பேச்சை மாத்தாதே. நான் ஒண்ணு கேக்கறேன், நீ பின்னாலயே போய் வேற கேக்கற. எம் பிள்ளை போகட்டும்னு சொல்ல உனக்கு எப்படிம்மா வாய் வந்துச்சு? ஊர்ப் பிள்ளையெல்லாம் தூக்கி வளத்தியே. எது மேலயும் இல்லாத வெறுப்பு இது மேல மட்டும் ஏன்?"

அம்மா கலைந்திருந்த போர்வையை இழுத்து மகளின் காலை மூடினாள். எதையோ மென்று விழுங்கினாள். "சரி" என்றாள். "இனிமே கேக்கலை. நீ கத்தாதே. உனக்கு ஆகாது."

இவ்வளவு சுலபமாக அம்மா எதற்கும் ஒத்துக்கொண்டதாகச் சரித்திரமே இல்லை. அதனாலேயே கத்திரி நம்பவில்லை. அன்றிலிருந்து குழாய் அளவாக ஓடியது. வீடு அமைதியாக இருந்தது. ஆனால் மொட்டை மாடிக்குத் துணி காயப்போடப் போனால் அம்மா திரும்பி வர வெகுநேரம் ஆனது.

"அத்தை மேல துணிகிட்ட பேசிட்டிருக்காங்க" என்று ஒருநாள் புருஷன் வந்து சொன்னான். "நான் போனதும் என் சட்டையை உதறி உதறி மடிச்சாங்க. அது இன்னும் ஈரமாவே இருந்துச்சு."

கத்திரி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். சண்டை போடவும் தெம்பு வேண்டுமே. அவளிடம் இருந்தது ஒரே ஒரு நச்சரிப்புக்கு மட்டும் போதுகிற தெம்பு. அதை அம்மாவிடம் செலவழிக்க அவளுக்கு மனமில்லை. பதிலுக்கு அவள் வேண்டுதலைக் கூட்டினாள். அம்மா மாடியேறும் சத்தம் கேட்டதும், அவளை முந்திக்கொண்டு கூரையைப் பார்த்து ஆரம்பித்துவிடுவாள். மேலே ஒருத்தி, கீழே ஒருத்தி. ஒருவருக்கொருவர் சோறு போட்டுக்கொண்டும் தட்டை நீட்டிக்கொண்டும், உள்ளுக்குள் எதிரெதிர்க் கட்சி. வாரங்கள் இப்படியே ஊர்ந்தன. நஞ்சு ஏறவில்லை. இறங்கவும் இல்லை. துணி ஓரமாகத்தான் கிடக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

எட்டாவது மாதம் பாதி போயிருந்தபோது, ஒரு காலைப் பொழுதில், பல் துலக்கிவிட்டுத் திரும்பும்போது மறுபடி அந்தச் சூடு இறங்கியது. இந்த முறை கறையில்லை. நிற்காமல் வந்தது. "அம்மா" என்றாள். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. அம்மா கையிலிருந்த கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

புருஷன் பஸ்ஸில் எந்தத் திருப்பத்தில் இருந்தானோ. சைக்கிள் கடைக்காரரும் நடுவீட்டு மனிதரும் அவளை நாற்காலியில் உட்காரவைத்து, நாற்காலியோடு தூக்கிப் படியிறக்கினார்கள். சைக்கிள் கடைக்காரர் கை முழுக்க கிரீஸ். "பாத்து, பாத்து, வளைவுல திருப்புங்க" என்று பீரோ இறக்குகிறவர் மாதிரியே சொல்லிக்கொண்டு வந்தார். தெருவில் டாக்ஸியை அம்மாதான் வழிமறித்து நிறுத்தினாள். பின் சீட்டில் மகளைக் கிடத்தித் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

டாக்ஸி குலுங்கிக் குலுங்கிப் போனது. கத்திரிக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. அண்ணாந்து பார்த்தால் தெரிந்தது அம்மாவின் முகவாய்தான். உதடு அசைந்துகொண்டிருந்தது. சத்தம் இல்லை. என்ன கேட்கிறாள் என்று கத்திரிக்குச் சத்தமில்லாமலே தெரிந்தது. வேண்டாம் என்று சொல்ல நினைத்தாள், நாக்கு எழவில்லை. இருக்கிற பலத்தையெல்லாம் திரட்டிக் கையைத் தூக்கி, அம்மாவின் வாயைப் பொத்தினாள்.

அம்மா அந்தக் கையை விலக்கவில்லை. அதன்மேல் தன் கையையும் வைத்து அழுத்திக்கொண்டாள். உள்ளங்கைக்குக் கீழே உதடு அசைந்துகொண்டேதான் இருந்தது. கத்திரி அதற்குமேல் போராடவில்லை. நீ கேட்கிறதைக் கேள், நான் கேட்கிறதை நான் கேட்கிறேன் என்று விட்டுவிட்டாள். ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சர் வந்து அவளை வாங்கிக்கொள்ளும்வரை அந்தக் கை அங்கேயே இருந்தது.

பிறகு நடந்ததெல்லாம் அவளுக்குத் துண்டு துண்டாகத்தான் தெரியும். வெள்ளை விளக்கு, முகமூடி போட்ட முகங்கள், "ரத்தம் இன்னும் ஏத்துங்க" என்கிற குரல். கண் விழித்தபோது வயிறு தட்டையாகக் கிடந்தது. கேட்கவே பயமாக இருந்தது. "பொண்ணு" என்றாள் நர்ஸ். "ரொம்பச் சின்னதா இருக்கா. பெட்டியில வெச்சிருக்கோம். மூச்சு விடறா. இனிமே அவ பாடு. உங்களைக் காப்பாத்தறதுக்குள்ளதான் எங்களுக்குப் போதும் போதும்னு ஆயிடுச்சு."

உட்காரத் தெம்பு வந்ததும் சக்கர நாற்காலியில் வைத்துக் குழந்தைகள் அறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். நீளக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பெட்டிகள். புருஷன் டிரைவர் சட்டையைக்கூட மாற்றாமல் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு நின்றான். "அதோ, அந்தக் கடைசி. கையைப் பாரு, கையைப் பாரு" என்றான். கத்திரி பார்த்தாள். அத்தனை கிலோ துணியை வெட்டிய கை, அந்த உடம்புக்கு அளவெடுக்கக்கூடப் பயப்படும். விலா எலும்பு ஏறி இறங்கியது. ஏறியது. இறங்கியது. ஒவ்வொரு தடவையும் அடுத்தது வருமா என்று இவள் மூச்சு நின்று நின்று ஓடியது.

அம்மா கண்ணாடிப் பக்கமே போகவில்லை. நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று, மகளின் தோளில் போர்வையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். அவள் உதடு அசைந்தது.

"இன்னும் என்னம்மா?" என்றாள் கத்திரி. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "நான்தான் பிழைச்சிட்டேனே. நீ கேட்டது உனக்குக் கெடைச்சிடுச்சு. இப்பவாவது அதுக்குக் கேளேன்."

"மாட்டேன்."

"அது உனக்கு என்னம்மா பாவம் பண்ணுச்சு?"

"பாவமா?" அம்மா அப்போதுதான் கண்ணாடியைத் திரும்பிப் பார்த்தாள். பார்த்ததும் முகம் கோணிக்கொண்டது. உடனே மகள் பக்கம் திரும்பிவிட்டாள். "ராசாத்திடி அது. அதுக்குக் கேக்க நீ இருக்க. அவன் இருக்கான். சோறு தண்ணி இல்லாம கேப்பீங்க. அதுக்காக உன்னையே எடுத்துக்கச் சொல்லி நீ கேட்டது சமையல் கட்டுல நின்ன என் காதுலயும் விழுந்துச்சு, தினமும். நானும் போய் அந்தப் பக்கம் சேந்துக்கிட்டா உனக்குன்னு கேக்க யாருடி இருக்கா?"

கத்திரி அம்மாவின் இடுப்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டு விசும்பினாள். உடம்பு குலுங்கியது.

"அழாதே. தையல் இழுக்கும்" என்றாள் அம்மா, தானும் அழுதுகொண்டே.